மூணு விரல் இறக்கம்

ஒரு காரை எவ்வளவு தாழ்த்துவது என்பதை எங்கள் சந்தில் விரலால்தான் பேசினார்கள். டயருக்கும் அதன் மேலே வளைந்திருக்கும் தகட்டுக்கும் நடுவில் கையை நுழைத்துப் பார்ப்பது. ஐந்து விரல் போனால் வண்டி உயரம். இரண்டு விரல் போனால் அழகு. ஒரு விரல்கூடப் போகாவிட்டால் ஓட்டுகிறவனுக்குப் பைத்தியம். இது மெக்கானிக் அரைக்கண் வகுத்த சட்டம். யாருடைய விரல் என்று மட்டும் ஒருத்தரும் கேட்கவில்லை. அரைக்கண்ணின் விரல்கள் ஒவ்வொன்றும் வாழைப்பழம், கீழ் வீட்டு மீட்டரின் விரல்கள் பென்சில். முப்பது வருஷமாக அங்குலத்தை நம்பிப் பிழைக்கிற எனக்கு இதைப் பார்க்கப் பார்க்க எரிச்சலாக வந்தது.

நான் டெய்லர். மாடியில் ஒற்றை அறை, ஜன்னல் ஓரம் மெஷின். கீழ் வீட்டில் மீட்டர் குடும்பம். மீட்டர் என்றால் தண்ணீர் மீட்டர். வீடு வீடாகப் போய்க் குனிந்து, இரும்பு மூடியைத் திறந்து, எண்ணைக் குறித்துக்கொண்டு வருகிற வேலை அவனுக்கு. அவன் பெண்டாட்டி முட்டை வியாபாரம். காலை ஆறு மணிக்குப் பண்ணையிலிருந்து முட்டை அட்டைகளை ஏற்றிக்கொண்டு வந்து கடைகளுக்கும் சாப்பாட்டு விடுதிகளுக்கும் போடுவாள். அதனால் எல்லோருக்கும் அவள் முட்டைக்காரி. இருவருக்கும் சேர்த்து கார் ஒன்றுதான். பத்து வருஷப் பழசு, சாம்பல் நிறம், பின் சீட்டை மடக்கினால் நாற்பது அட்டை கொள்ளும். காலையில் அது முட்டை வண்டி, பகலில் மீட்டர் வண்டி, விடுமுறை நாளில் குடும்ப வண்டி. நாலு மாதமாக ஆஸ்பத்திரி வண்டியும் அதுதான்.

மீட்டரின் அண்ணன் பெயிண்டர். கல்யாணம் செய்துகொள்ளாத ஆள், தம்பி வீட்டிலேயே இருக்கிறவர். இரண்டாம் மாடி உயரத்தில் ஒரு சுவருக்குக் கடைசிக் கோட்டிங் அடித்துக்கொண்டிருந்தபோது சாரம் சரிந்து விழுந்துவிட்டார். இடது இடுப்பு உடைந்து, உள்ளே இரும்பு வைத்துத் தைத்தார்கள். திங்கள், புதன், வெள்ளி மூன்று நாளும் ஆஸ்பத்திரியில் போய்க் காலை மடக்கி நீட்டிப் பழக்க வேண்டும். இரண்டு மாதத்துக்குள் பழக்காவிட்டால் கால் கட்டையாகிவிடும், அப்புறம் ஏணி என்ன, வாசற்படிகூட ஏற முடியாது என்று சொல்லி அனுப்பினார்கள்.

மூன்று வாரம் ஒழுங்காகப் போனார். ஒரு நாள் காரிலிருந்து இறங்கத் தாமதமானதும் பின்னால் வண்டிகள் ஹாரன் அடிக்க, வாசலில் நின்ற இரண்டு ஊழியர்கள் அவரை அக்குளில் கை கொடுத்து மூட்டையைப் போலத் தூக்கி வெளியே வைத்துவிட்டார்கள். கையும் காலும் அந்தரத்தில் ஆடியதாம். பார்த்தவர்களில் யாரோ சிரித்தார்களாம். வீட்டுக்கு வந்து கட்டிலில் உட்கார்ந்தவர், "நானா ஏறி நானா எறங்க முடிஞ்சா போறேன். இல்லன்னா விட்டுடுங்க" என்று சொல்லிவிட்டார். பத்து நாளாகப் போகவில்லை. கெஞ்சினாலும் இல்லை, அதட்டினாலும் இல்லை.

அங்கேதான் மீட்டருக்கு மூளை வேலை செய்தது. வண்டி உயரமாக இருப்பதால்தானே அண்ணனுக்குக் கஷ்டம்? வண்டியை இறக்கிவிட்டால்?

இதைக் கேட்டதும் நானும் தலையாட்டினேன். அதை ஒத்துக்கொண்டுதான் ஆக வேண்டும்.

அரைக்கண்ணை வீட்டுக்கே வரவழைத்து உட்கார வைத்தார்கள். எதைப் பார்த்தாலும் ஒரு கண்ணை மூடிக்கொண்டுதான் பார்ப்பான், அதனால் அந்தப் பெயர். அவனுக்கு மூன்று முட்டை ஆம்லெட், வெங்காயம் தூக்கலாக. பக்கத்து அறையில் பெயிண்டர் கட்டிலில் சாய்ந்து சின்னதாக ரேடியோ கேட்டுக்கொண்டிருந்தார். நடுக்கதவு திறந்துதான் இருந்தது.

"மூணு வழி இருக்கு," என்றான் அரைக்கண். "ஒண்ணு, இருக்கிற ஸ்பிரிங்கையே ரெண்டு சுத்து அறுத்துடறது. செலவே இல்ல."

"அறுத்தா?" என்றான் மீட்டர்.

"அறுத்தா எறங்கும்."

"அது எனக்கே தெரியும். வேற என்ன ஆகும்?"

"பெரிய பள்ளத்துல விழுந்தா ஸ்பிரிங் எடத்த விட்டு நழுவிக்கும். குதிரை மேல போற மாதிரி இருக்கும். என் வண்டிக்கு நான் செய்ய மாட்டேன்."

"அப்பறம் எதுக்கு அத மொதல்ல சொல்றீங்க?" என்றாள் முட்டைக்காரி. கரண்டி அவள் கையில் இருந்தது.

"வழி எத்தனைன்னு கேட்டாங்க, சொன்னேன். ரெண்டாவது, ஸ்பிரிங்கும், குலுக்கல அடக்கற ஷாக்கும் சேர்ந்தே வரும். மரை போட்டிருக்கும், திருகித் திருகி வேணுங்கற அளவுக்கு ஏத்தலாம் எறக்கலாம். நல்லதா வாங்கினா இந்த வண்டியோட பாதி வெல. மட்டமானதா வாங்கினா ஆறே மாசத்துல எண்ண கசியும்."

"மூணாவது?"

"எறக்கற ஸ்பிரிங் மட்டும் தனியா நாலு வரும். கட்டையா, இறுக்கமா இருக்கும். பழைய ஷாக்கையே வெச்சுக்கலாம். ஒரே நாள் வேல. சுமாரான கம்பெனி, சுமாரான வெல."

"ஷாக் தாங்குமா?"

"கொஞ்ச நாள் தாங்கும்."

"கொஞ்ச நாள்னா?"

"அது நீங்க ஓட்டறதப் பொறுத்து."

இப்படியே ஒரு மணி நேரம். எந்தக் கேள்விக்கும் அவன் நேராகப் பதில் சொன்னதாக எனக்கு நினைவில்லை. முட்டைக்காரி அடுப்பை அணைத்துவிட்டு வந்து உட்கார்ந்தாள்.

"எனக்கு ஒண்ணே ஒண்ணு சொல்லுங்க. நாப்பது அட்ட ஏத்தினா முட்ட ஒடையுமா, ஒடையாதா?"

அரைக்கண் ஒரு கண்ணை மூடிக்கொண்டு கூரையைப் பார்த்தான். "மெதுவாப் போனா ஒடையாது."

"மெதுவாப் போனா நடந்து போனாக்கூடத்தான் ஒடையாது."

"ஏம்மா, அண்ணனுக்காகத்தானே இதெல்லாம்," என்றான் மீட்டர். குரலை அவ்வளவு நல்ல பிள்ளையாக வைத்துக்கொண்டு அவன் பேசி நான் கேட்டதே இல்லை.

"அண்ணனுக்காகவா?" முட்டைக்காரி என் பக்கம் திரும்பினாள். "அக்கா, அந்த பீரோக் கதவத் தொறந்து பாருங்க. கல்யாணமான புதுசுல துணி வெக்கலாம்னு தொறந்தேன். உள்பக்கம் ஒரு கார் படம் ஒட்டி வெச்சிருக்காரு. தரையோட தரையா, கீழ ஒரு தீப்பெட்டி போகாது. பதினாலு வருஷமா அந்தக் கார் என் துணியப் பாத்துக்கிட்டு இருக்கு."

மீட்டரின் காது சிவந்துபோனது. ஒரு மனிதனின் ஆசை பதினாலு வருஷம் பீரோவுக்குள்ளேயே கிடந்து, அண்ணன் இடுப்பு உடைந்ததும் வெளியே வருகிறது என்றால் அவன் மேல் கோபப்படுவதா, பாவப்படுவதா என்று எனக்கு விளங்கவில்லை. இரண்டையும் பட்டேன்.

"அண்ணே, உனக்கு சரிதானே?" என்று மீட்டர் அடுத்த அறையைப் பார்த்துக் கேட்டான்.

"உனக்கு எது தோணுதோ செய்," என்றது அங்கிருந்து வந்த குரல். ரேடியோ கொஞ்சம் சத்தமாயிற்று.

கட்டை ஸ்பிரிங் நாலு என்று முடிவாயிற்று. எவ்வளவு இறக்குவது என்று குறித்துக்கொள்ளக் காகிதம் தேடினார்கள். மீட்டர் காருக்குப் போய் டேஷ்போர்டு பெட்டியிலிருந்து ஏதோ ஒரு தாளை எடுத்து வந்தான். அதன் பின்பக்கத்தில் அரைக்கண் பெரிய எழுத்தில் எழுதினான்: முன்னாடி மூணு விரல், பின்னாடி மூணு விரல்.

"மூணு விரல்னா எத்தன அங்குலம்?" என்றேன்.

"மூணு விரல்னா மூணு விரல்தான் டெய்லரக்கா," என்றான். என் கழுத்தில் தொங்கிய டேப்பை நான் உருவியதும், "சரி சரி, ரெண்டு அங்குலம்" என்று இறங்கி வந்தான்.

ஸ்பிரிங் மாற்றிய அன்று என்னையும் ஷெட்டுக்கு இழுத்துக்கொண்டு போனார்கள். டேப் வேண்டுமாம். டேப்பை மட்டும் கொடுத்திருக்கலாம். போனது என் புத்தி. தகரக் கூரை, காலையிலேயே அடுப்பாகக் கொதித்தது. வண்டியைத் தூக்கி நிறுத்திச் சக்கரங்களைக் கழற்றினான். பத்து வருஷ போல்ட்டுகள் துருவேறி, தகட்டோடு ஒன்றாகிக் கிடந்தன. எண்ணெய் ஊற்றி, காத்திருந்து, சுத்தியால் தட்டி, நீளக் குழாயை ஸ்பேனரில் மாட்டி இரண்டு பேர் தொங்கித்தான் முதல் போல்ட் அசைந்தது. ஸ்பிரிங்கை வெளியே எடுப்பதற்கு முன்னால் அதன் இரண்டு பக்கமும் கொக்கி போட்டுக் கொஞ்சம் கொஞ்சமாகத் திருகி ஒடுக்கினான். அந்த நேரம் மட்டும் அரைக்கண்ணின் இரண்டு கண்ணும் திறந்திருந்தன. "இது கைய விட்டுத் தெறிச்சா மூஞ்சியே இருக்காது" என்றான். தொழிலில் அவன் கை சுத்தம். அதைக் குறை சொல்ல மாட்டேன். பேச்சுதான் தாங்காது.

பழைய ஸ்பிரிங்குகள் நாலும் மூலையில் கிடந்தன. புதியவை சிவப்புப் பெயிண்டில், குள்ளமாக, கர்வமாக இருந்தன. நான் முன்னும் பின்னும் அளந்தேன். இரண்டு அங்குலம் சரியாக இறங்கியிருந்தது. மீட்டர் காரைச் சுற்றி மூன்று தரம் வந்தான். எட்டப் போய் நின்று பார்த்தான், குனிந்து பார்த்தான், டயர் மேலே இரண்டு விரலை வைத்துப் பார்த்தான். அந்த முகத்தை நான் மறக்க மாட்டேன். ஒரு நாளைக்கு நூறு மூடியைத் திறந்து மூடுகிறவன் முகம் இல்லை அது.

"பழைய ஸ்பிரிங்க வீட்டுக்கு எடுத்துட்டுப் போலாமா?" என்று நான் கேட்டேன்.

"அத அவரே எடுத்துக்கிட்டு வெலையில கழிச்சுட்டாரு அக்கா. அது எதுக்கு நமக்கு, எடத்த அடைச்சுக்கிட்டு?" என்றான் மீட்டர்.

மறுநாள் காலை முட்டை ஏற்றிக்கொண்டு வந்தார்கள். எங்கள் சந்து முனையில் ஒரு வேகத்தடை இருக்கிறது. அதைக் கட்டியவர் யாரென்று தெரியாது. தெரிந்தால் நானே போய் இரண்டு வார்த்தை கேட்பேன். அவ்வளவு உயரம். மாடியில் ஒரு சட்டைக்குப் பொத்தான் காஜா எடுத்துக்கொண்டிருந்தேன். அந்தச் சத்தம் என் மெஷின் சத்தத்தையும் தாண்டிக் கேட்டது. அடிவயிறு சிமெண்டில் தேய்கிற சத்தம், அதைத் தொடர்ந்து முட்டைக்காரியின் சத்தம்.

ஓடிப்போய்ப் பார்த்தேன். அட்டைகளின் ஓரத்திலிருந்து மஞ்சள் கரு மெதுவாக வழிந்துகொண்டிருந்தது. ஐந்து அட்டை போயிற்று.

"இறுக்கமான ஸ்பிரிங் இல்லயா, கொஞ்சம் தூக்கிப் போடும்," என்று மீட்டர் சமாதானம் சொன்னான். "ரெண்டு வாரத்துல அதுவா பதிஞ்சுடும்."

"பதியும்னா? இன்னும் கீழ எறங்கும்னு அர்த்தமா?"

அவன் குனிந்து உடைந்த ஓடுகளைப் பொறுக்கினான். அதுதான் அர்த்தம்.

அந்த வாரம் முழுக்க இரண்டு வீட்டிலும் முட்டைதான். காலையில் முட்டை ரொட்டி, மத்தியானம் முட்டைக் குழம்பு, சாயங்காலம் முட்டை போட்ட சூப். விரிசல் விட்டதை வைத்திருக்க முடியாதே. அட்டைகளுக்கு அடியில் பழைய போர்வையை மடித்துப் போட்டாள், வேகத்தடைக்கு முன்னால் இறங்கி பத்து அட்டையைக் கையால் தூக்கிக்கொண்டு அந்தப் பக்கம் நடந்தாள். ஒவ்வொரு நாளும் என் ஜன்னலுக்குக் கீழே அவள் கடந்துபோகும்போது நிமிர்ந்து என்னைப் பார்ப்பாள். அந்தப் பார்வைக்குத் திட்டினால்கூடப் பரவாயில்லை.

"பாருங்கக்கா, பெயிண்டர் மாமாவுக்காகத்தான் பொறுத்துக்கறேன்," என்றாள் ஒரு நாள். "அவரு மட்டும் நல்லபடியா ஏறி எறங்கிட்டா, முட்ட ஒடைஞ்சா ஒடையட்டும்."

திங்கட்கிழமை பெயிண்டர் கிளம்பினார். சட்டையைத் தேய்த்துப் போட்டுக்கொண்டு, முகம் மழித்து, கைத்தடியோடு. ஆஸ்பத்திரிப் பக்கம் இருக்கிற ஒரு கடைக்குச் சீருடை கொடுக்க வேண்டியிருந்ததால் நானும் பின்னால் ஒண்டிக்கொண்டேன். காருக்கு முதுகைக் காட்டி நின்றார், கதவைப் பிடித்தார், மெல்லக் குனிந்தார். பாதியில் பிடி விட்டுப்போய் சீட்டில் தொப்பென்று விழுந்தார். பிறகு இடது காலை இரண்டு கையாலும் தூக்கி உள்ளே வைத்துக்கொண்டார்.

"பாத்தியா அண்ணே! எவ்ளோ சுளுவா ஏறிட்ட!" மீட்டர் கை தட்டாத குறை.

பெயிண்டர் நேராக முன்னாடி பார்த்துக்கொண்டிருந்தார். "ம்" என்றார்.

ஆஸ்பத்திரி வாசலில் லேசான தூறல். கதவைத் திறந்து, காலை வெளியே எடுத்து வைத்தார். சீட்டு பள்ளத்தில் இருந்தது, முழங்கால் இடுப்பைவிட மேலே நின்றது. எழ முயன்றார். முடியவில்லை. மறுபடி முயன்றார். நெற்றியில் வியர்வை. மூன்றாவது தரம் இடுப்பு ஒரு சாண் எழுந்து அப்படியே திரும்ப உட்கார்ந்தது. பின்னால் ஹாரன் ஆரம்பமாயிற்று. அந்த இரண்டு ஊழியர்களும் கையை நீட்டிக்கொண்டு ஓடி வந்தார்கள்.

"யாரும் கைய வெக்காதீங்க!" என்று கத்தினார். நாலு மாதத்தில் அவர் சத்தம் போட்டு நான் கேட்டது அதுதான்.

முக்கால் மணி நேரம் அந்தக் காரிலேயே உட்கார்ந்திருந்தார். நாங்கள் ஆளுக்கொரு யோசனை சொன்னோம். கையைப் பிடி, கழுத்தைப் பிடி, சீட்டைப் பின்னால் தள்ளு, முன்னால் தள்ளு. போகிற வருகிறவர்களும் நின்று சொன்னார்கள். கடைசியில் அவருக்குப் பயிற்சி கொடுக்கிற பெண்ணே வெளியே வந்தாள். சின்ன உருவம், பெரிய குரல். காரை ஒரு பார்வை, அவரை ஒரு பார்வை.

"யாரு இந்த வண்டிய எறக்கினது?"

மீட்டர் கையைத் தூக்காத குறையாக நின்றான்.

"இவருக்கு உக்கார்ற எடம் முட்டிய விட ஒசரமா இருக்கணும். இடுப்ப ரொம்ப மடக்கவே கூடாது. டிஸ்சார்ஜ் பண்றப்ப பேப்பர்ல எழுதிக் குடுத்தமே, படிக்கலயா? பேப்பர் எங்க?"

மீட்டர் டேஷ்போர்டு பெட்டியைத் திறந்து தேடினான். ஒரு தாளை எடுத்தான். திருப்பினான். மறுபடி திருப்பினான். அவன் கையிலிருந்து நான் வாங்கிப் பார்த்தேன். ஒரு பக்கத்தில் அச்சடித்து, கீழே கோடும் போட்டிருந்தது: நாற்காலி, கட்டில், வாகன இருக்கை எதுவானாலும் முழங்காலைவிட உயரமாக இருக்க வேண்டும். மறுபக்கத்தில் அரைக்கண்ணின் எழுத்து: முன்னாடி மூணு விரல், பின்னாடி மூணு விரல்.

எனக்குத் தலையைக் கொண்டுபோய் அந்தக் காரிலேயே முட்டிக்கொள்ளலாம் போலிருந்தது.

அந்தப் பெண் உள்ளே போய் மடித்த கம்பளிகள் நாலைந்து கொண்டு வந்தாள். அவரை வலப்பக்கம் சாயச் சொல்லி இடப்பக்கம் ஒன்றைச் செருகினாள், இடப்பக்கம் சாயச் சொல்லி வலப்பக்கம். இப்படி ஒவ்வொன்றாக, கிணற்றில் தண்ணீர் ஊறுவதுபோல அவர் மேலே வந்தார். கதவுச் சட்டத்தைப் பிடித்து நின்றார். ஆனால் அதற்குள் அவருடைய நேரம் முடிந்து, அடுத்த ஆள் உள்ளே போயிருந்தார்.

"வெள்ளிக்கெழம வரலாம்," என்றாள் அவள். "புதன்கெழம எடம் இல்ல. வெள்ளியும் வரலன்னா இந்த எடத்த வேற ஒருத்தருக்குக் குடுத்துடுவாங்க. நான் சொல்லி ஒண்ணும் ஆகாது. வர்றப்ப சீட்ட ஒசத்திக்கிட்டு வாங்க, கெட்டியா, அமுங்காம."

வீட்டுக்கு வந்த பிறகு எல்லோரும் அவர் கட்டிலைச் சுற்றி நின்றோம். முட்டைக்காரிதான் கேட்டாள்.

"மாமா, ஏறறது கஷ்டமா, எறங்கறது கஷ்டமா?"

"ஏறறது ஒரு நாளும் எனக்குக் கஷ்டமா இருந்ததில்ல. மெதுவா ஏறுவேன், கால கையால தூக்கி வெச்சுக்குவேன். எறங்கறதுதான்."

"அத ஏண்ணே சொல்லல?" மீட்டரின் குரல் உடைந்தது. "பத்து நாளா பேசறோமே!"

"வண்டியப் பத்திப் பேசினீங்க. என்னை எவனாவது கேட்டீங்களா? சரிதானேன்னு கேட்டா, சரின்னுதானே சொல்லணும்?"

"அப்பயாவது வாயத் தொறந்து..."

"நீ சந்தோஷமா இருந்தடா," என்றார் பெயிண்டர். "எனக்கு அடிபட்டதுலேர்ந்து மொத தடவையா சிரிச்சுக்கிட்டு வீட்டுக்குள்ள வந்த. அத ஏன் கெடுப்பானேன்னு விட்டுட்டேன். எப்படியாவது எறங்கிடலாம்னு நெனச்சேன்."

மீட்டர் எழுந்து கொல்லைப்பக்கம் போனான். வெகுநேரம் குழாய்த் தண்ணீர் ஓடுகிற சத்தம் கேட்டது. தண்ணீரை அளக்கிறவன் அப்படித் திறந்து விடுகிற ஆள் இல்லை.

நான் குனிந்து டேப்பை எடுத்தேன். பெயிண்டரின் குதிகாலிலிருந்து முழங்கால் மடிப்பு வரை பத்தொன்பது அங்குலம். வெளியே போய்த் தரையிலிருந்து கார் சீட்டு வரை அளந்தேன். பதினேழு. இறக்குவதற்கு முன்னால் அதுவும் பத்தொன்பதாகத்தான் இருந்திருக்கும். ஆயிரம் பேர் காலை அளந்து பிழைப்பு நடத்துகிறவள் நான். பத்து நாள் அந்த டேப் சக்கரத்தைச் சுற்றிக்கொண்டு கிடந்ததே தவிர, கட்டிலில் இருந்த மனிதனின் காலுக்கு வரவில்லை. வெட்கமாக இருந்தது. அரைக்கண்ணைத் திட்டுகிற தகுதி எனக்கும் இல்லை.

செவ்வாய், புதன், வியாழன் மூன்று நாளும் மெஷினில் வேறு துணி ஏறவில்லை. பஞ்சும் ஸ்பாஞ்சும் உதவாது, உட்கார்ந்தால் அமுங்கிவிடும். பெயிண்டரின் சாமான் அறையில் ஒரு பலகைத் துண்டு கிடைத்தது. அதன்மேல் திரைச்சீலை வெட்டின கனத்த துண்டுகளை அடுக்கடுக்காக வைத்து இறுக்கிக் குத்துத் தையல் போட்டேன். இரண்டு ஊசி முறிந்தது. நாலு அங்குலத் திண்டு. உறைக்கு, வேலை செய்கிற வீடுகளில் அவர் தரையில் விரிக்கிற கித்தான் துணியை எடுத்தேன். இருபது வருஷப் பெயிண்ட் சொட்டுகள், நூறு வீட்டு நிறம் அதில் இருந்தது. உட்கார்ந்து பார்த்துவிட்டு, "துணி உடம்பப் பிடிச்சு நிறுத்துது டெய்லரம்மா, திரும்ப முடியல" என்றார். சரி என்று உட்காருகிற மேல்பக்கத்துக்கு மட்டும் வழுவழு லைனிங் துணி வைத்துத் தைத்தேன். அதற்கப்புறம் சுளுவாகத் திரும்பினார்.

மீட்டர் பழைய ஸ்பிரிங்கை வாங்கிவரப் போனான். அரைக்கண் அதை அடுத்த நாளே வேறு வண்டிக்குப் போட்டுவிட்டிருந்தான்.

வெள்ளிக்கிழமை காலை முட்டை எடுத்துக்கொண்டு வர நேரமாகிவிட்டது. இறக்கிக் கொடுக்க அவகாசமில்லாமல், பின்னால் முப்பது அட்டையோடேயே ஆஸ்பத்திரிக்குக் கிளம்பினார்கள். நானும் போனேன், கடைக்குப் போகிற சாக்குகூட இல்லாமல், அட்டைகளுக்கு ஓரமாக முட்டைக்காரியோடு ஒண்டிக்கொண்டு. அங்கே இறங்கும்போது அந்தப் பெண் முழங்கைக்கு அடியில் ஒரு கை கொடுத்தாள். எழுந்தார். ஆனால் நாங்கள் மூவரும் கண்கொத்திப் பாம்பாகப் பார்த்துக்கொண்டு நின்றதில் அவர் அந்தக் கையை விடவே இல்லை. உள்ளே போய் ஒரு மணி நேரம் பழகி வந்தார். கால் முன்னைவிட நன்றாக மடங்குகிறது, ஆனால் தானாக எழுந்திருக்க வேண்டும், ஒருத்தர் கையும் இல்லாமல், அப்போதுதான் நம்பிக்கை வரும் என்று அவள் சொல்லி அனுப்பினாள். திரும்பி வரும் வழியெல்லாம் அவர் தடியின் பிடியையே தேய்த்துக்கொண்டு வந்தார். இனி வர மாட்டேன் என்று சொல்லிவிடுவாரோ என்று எனக்குப் பயமாக இருந்தது.

சந்து முனையில் வேகத்தடை. முட்டையும், முட்டைக்காரியும், அண்ணனும், நானும், பலகைத் திண்டும். மீட்டர் எவ்வளவு மெதுவாக ஏற்றியும் அடியில் ஏதோ பலமாக இடித்தது. பிறகு பின்பக்கத்திலிருந்து டொக் டொக் என்று ஒரு சத்தம், வீட்டு வாசல் வரை.

வண்டி நின்றதும் முட்டைக்காரி கீழே குதித்தாள். மீட்டர் குனிந்து பின்சக்கரத்தைப் பார்த்தான். பழைய ஸ்பிரிங் விவகாரத்துக்காக ஏற்கெனவே வரச் சொல்லியிருந்த அரைக்கண் வாசலிலேயே காத்திருந்தான். அவ்வளவுதான், ஆரம்பமாயிற்று.

"ஷாக் போயிடுச்சு," என்றான் அரைக்கண், ஒரு கண்ணை மூடி.

"பத்து நாள்லயா? கொஞ்ச நாள் தாங்கும்னீங்களே!"

"பத்து நாள் கொஞ்ச நாள்தானே?"

"கேளுங்கக்கா இந்த நியாயத்த!" என்று முட்டைக்காரி என்னை இழுத்தாள். "ரெண்டு வெரல் எடம் இருக்கும்னீங்க, இப்ப ஒரு வெரல்தான் போகுது."

"பின்னாடி முட்ட பாரம். பாரத்தோட அளக்கக் கூடாது."

"பாரமில்லாம இந்த வண்டி என்னிக்கி ஓடியிருக்கு?"

"யார் வெரல வெச்சுப் பாத்தீங்க? என் வெரல வெச்சுப் பாக்கணும்."

இங்கே எனக்கும் பொறுமை போய்விட்டது. டேப்பை எடுத்துக்கொண்டு நானும் சக்கரத்துக்குப் பக்கத்தில் உட்கார்ந்தேன். "வெரல் பேச்சு இனிமே இங்க வேணாம். இந்தா பாரு, முக்கால் அங்குலம்!" என்றேன். "அக்கா, டேப்ப வளைச்சுப் பிடிக்கறீங்க" என்றான் அவன். "முப்பது வருஷமா டேப் பிடிக்கறவகிட்ட..." என்று நான் ஆரம்பித்தேன். நாலு பேரும் ஒரு டயரைச் சுற்றிக் குத்துக்காலிட்டு, ஆளாளுக்கு ஒரு விரலை உள்ளே விட்டுக்கொண்டு கத்திக்கொண்டிருந்தோம். எவ்வளவு நேரமோ தெரியாது.

"வீட்டு சாவி யாருகிட்ட இருக்கு?"

குரல் காரிலிருந்து வரவில்லை. வீட்டு வாசலிலிருந்து வந்தது.

திரும்பினோம். காரின் முன்கதவு திறந்திருந்தது. சீட்டில் பெயிண்ட் சொட்டுத் திண்டு மட்டும் இருந்தது. இரண்டு வாசற்படியையும் ஏறி, சாத்தினாலே பூட்டிக்கொள்கிற கதவுக்கு முன்னால், ஒரு கையில் தடியும் இன்னொரு கை சுவரிலுமாகப் பெயிண்டர் நின்றுகொண்டிருந்தார்.

மீட்டர் டயரிலிருந்து விரலை உருவிக்கொண்டு எழுந்தான். "அண்ணே... எப்ப எறங்கின?"

"நீங்க யாரு வெரலுன்னு சண்ட போட்டுக்கிட்டு இருந்தப்ப. சாவி எங்கடா? எவ்ளோ நேரம் நிக்கறது?"

எனக்குக் கண்ணில் நீர் வந்துவிட்டது. கோபமும் வந்தது. நாலு மாதமாகக் காத்திருந்த ஒன்று எங்கள் முதுகுக்குப் பின்னால் நடந்து முடிந்திருக்கிறது, நான் டயருக்குள் விரலை விட்டுக்கொண்டிருந்திருக்கிறேன்.

முட்டைக்காரி பையைத் துழாவினாள். இடுப்பைத் தடவினாள். பிறகு நெற்றியில் அடித்துக்கொண்டாள். காலையில் அட்டை ஏற்றுகிற அவசரத்தில் சாவியைப் பின்னால் போர்வை மேல் வைத்திருக்கிறாள், அதன்மேல் முப்பது அட்டையையும் அடுக்கியிருக்கிறாள்.

"உக்காருங்க மாமா, நாற்காலி கொண்டு வரச் சொல்றேன்!"

"வேணாம். நிக்கறேன்."

ஒவ்வொரு அட்டையாக இறக்கினோம். மீட்டர் எடுத்துக் கொடுக்க, முட்டைக்காரி வாங்க, நான் வாங்க, அரைக்கண் சுவரோரம் அடுக்கினான். முப்பது அட்டை. மேலேயிருந்து பெயிண்டர்தான் பேசிக்கொண்டிருந்தார், சாரத்தின் மேல் நின்று கீழே இருக்கிறவர்களை விரட்டுகிற பழைய குரலில்:

"மெதுவாடா. ஓரமா வைய்யி. அந்த மூணாவது அட்ட சாயுது பாரு. அவசரப்படாதீங்க, நான் நிக்கறேன்."